சோயாவுக்கு முன்னால் சணப்பா, கம்பா?

“முக்கால் ஏக்கரில் சணப்பு விதைத்து, பூவெடுத்ததும் மடக்கி உழுதேன். அதில் முதன்முறையாக சோயா போட்டேன். செடி இடுப்பு உயரம் வந்து சாய்கிறது, காய் சொற்பம். வேரில் முடிச்சே இல்லை. எங்கே தப்பு?” என்று தாராபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தப்பு சணப்பில் இல்லை, இடத்தில் இருக்கிறது. நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் முன்னால் சணப்பு அருமையான பயிர். சோயாவோ தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். மண்ணிலேயே தழைச்சத்து குவிந்து கிடந்தால் அது ஏன் வேரில் முடிச்சு போடப் போகிறது? தழை கொழுக்கும், காய் குறையும்.

இன்னொன்றும் உண்டு. தட்டைப்பயறு, உளுந்துக்கு முடிச்சு போடும் நம் மண்ணின் ரைசோபியம் பெரும்பாலும் சோயாவோடு சேராது. சோயா காணாத நிலத்தில், சோயாவுக்கென்றே உள்ள ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். ‘பயறு ரைசோபியம்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கி ஏமாறாதீர்கள். உரப்பை விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

அமெரிக்காவின் அயோவா, இல்லினாய்ஸ் பகுதிகளில் சோயாவுக்கு முன் மூடுபயிராகப் பலர் போடுவது பயறு வகை அல்ல; ‘ரை’ என்ற தானியம். இலையுதிர் காலத்தில் விதைத்தால் பனிக்காலம் முழுக்க மண்ணைப் பிடித்து நிற்கும். பென்சில்வேனியாவின் ரோடேல் நிறுவனம், ரை பூக்கும்போது உருளையால் நசுக்கிப் படுக்க வைத்து, அந்த வைக்கோல் மெத்தைக்குள் சோயா விதைக்கும் முறையைப் பரப்பியது. வைக்கோல் களையை அமுக்கும். மட்கும்போது மண்ணின் தழைச்சத்தைக் கொஞ்ச காலம் பிடித்தும் வைக்கும். மக்காச்சோளம் அதில் மஞ்சளாகிவிடும். சோயாவுக்குக் கவலை இல்லை.

நமக்கு ரை எதற்கு? கம்பு இருக்கிறது. சித்திரை மழையில் நெருக்கமாகத் தூவி, கதிர் பூக்கும் தருணத்தில் அடியோடு அறுத்துப் பரப்பினால் ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயார். பால் பிடிக்க விட்டால் கம்பே களையாகும். பலமுறை அறுக்கும் தீவனக் கம்பு வேண்டாம், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். சாதாரணக் கம்பும் கொஞ்சம் துளிர்க்கத்தான் செய்யும். பத்து நாள் பார்த்து, இரண்டாவது தடவை அறுத்துவிட்டு விதையுங்கள். மண்ணில் மடக்கி உழுவதானால் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பச்சைத்தழை அழுகும் சூட்டில் சோயா விதையும் சேர்ந்து அழுகும். பாசனம் இல்லாத, மழை பொய்த்த வருடத்தில் மட்டும் இந்த ஆசையே வேண்டாம். இருக்கும் ஈரத்தைக் கம்பு குடித்துவிடும்.

சோயா விதையின் தோல் மெல்லியது. மூட்டையைத் தூக்கிப் போட்டாலே முளைப்பு அடிபடும். நூறு விதையை ஈரச்சாக்கில் சுற்றிப் பாருங்கள். 70-க்குக் கீழே முளைத்தால் அந்த விதை வேண்டாம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ., ஆழம் 2-3 செ.மீ. போதும்.

தாராபுரம் வாசகருக்கு: சாய்ந்த பயிருக்கு இனி யூரியா காட்டாதீர்கள். அடுத்த முறை விதைத்த 35-ம் நாள் நான்கைந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், என்ன ரைசோபியம், எப்போது வாங்கியது என்ற விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.