களப்பணிக்குப் போகும் நம் பிள்ளைகளும் தங்கவயல் தரும் பாடமும்

பூதிகோட்டை என்றால் ஹைதர் அலி பிறந்த ஊர் என்பது பெரியவர்களுக்கு நினைவுக்கு வரும். படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு பெருமையும் தெரியும்: 2003இல் ‘நம்ம த்வனி’ என்ற சமுதாய ஒலிபரப்பு இங்கே தொடங்கியது. காற்றில் பரப்ப அனுமதி இல்லாத அந்த நாளில், கம்பி வழியாகவே வீடுகளுக்குக் குரலைக் கொண்டுபோனார்கள். அதைப் பார்க்கவும், பழைய கோட்டையைப் பார்க்கவும், பக்கத்துத் தங்கவயலில் மூடிக்கிடக்கும் சுரங்கங்களைப் பார்க்கவும் மாணவர்கள் வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் நிலவியல், சமூகப்பணி, கம்பெனி வேலை என்று இதுபோல எங்கெங்கோ போகிறார்கள். “போயிட்டு வரேம்மா” என்கிறார்கள். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது என்று கேட்டால் பாதி வீட்டில் பதில் இல்லை.

இந்த மாவட்டத்திலேயே நடந்த ஒரு பெரிய களப்பணியை முதலில் சொல்கிறேன். விண்ணிலிருந்து வரும் நுண்துகள்களை ஆராய, டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் தங்கவயல் சுரங்கங்களுக்குள் கருவிகளோடு இறங்கினார்கள். மேலே இருக்கும் பாறை மற்றத் துகள்களை வடிகட்டிவிடும்; நியூட்ரினோ மட்டும் பாறையைத் துளைத்துக்கொண்டு வரும். அதற்காகத்தான் அந்த ஆழம். ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் பல்கலைக்கழகத்தார் சேர்ந்துகொள்ள, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல், வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு கண்டது. உலக இயற்பியல் வரலாற்றில் நம் தங்கவயலுக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அங்கே சூழல் எப்படி? மிக ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தாதுவை வெட்டி எடுத்த இடத்தைச் சுற்றிப் பாறையில் அழுத்தம் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். நம் ஆட்கள் அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். இந்தத் தொல்லையை ஆராயவே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டது. மேலே எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும், கூண்டில் ஏறிவிட்டால் விஞ்ஞானியும் சுரங்கத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்தான். பாறையின் சத்தத்தைக் கேட்டுப் பழகிய தொழிலாளி “நகருங்க” என்றால் நகர வேண்டும்.

அந்த ஒழுங்கில் ஒன்றை நாம் வீட்டுக்கே எடுத்து வரலாம். எந்த நேரத்தில் கேட்டாலும் நிலத்தடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பதிவேடு மேலே இருக்க வேண்டும் என்றது 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். ஆள் திரும்பவில்லை என்பதை மேலே இருப்பவர் அறிய அதுதான் வழி. நம் பிள்ளைகளுக்கும் ஒரு தாள் போதும்: போகும் இடம், கூட வருபவர், தங்கும் வீடு, திரும்பும் நேரம். இதோடு ஒரு வரி, எல்லாரும் விட்டுவிடுகிற வரி: ஆறு மணிக்குப் போன் வரவில்லை என்றால் ஏழு மணிக்கு யார் யாரைக் கூப்பிடுவது? “டவர் கிடைச்சிருக்காது, வரும்” என்று ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது.

மூடிய சுரங்கம் ஓடுகிற சுரங்கத்தைவிட ஆபத்தானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி வேலை நின்றது. சுரங்கத்துக்குள் காற்று செலுத்துவதும் தண்ணீர் இறைப்பதும் நின்றுபோயின. பழைய ஷாஃப்டுகளில் பிராணவாயு குறைந்த காற்று தேங்கி நிற்கும். அதற்கு வாசனை கிடையாது. மூச்சுத் திணறுவது தெரியுமுன் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். 2020 மே மாதம் மூடிய சுரங்கம் ஒன்றில் இறங்கிய மூவர் மடிந்தார்கள். ஆகவே எந்தப் பேராசிரியர் சொன்னாலும் பழைய ஷாஃப்டின் விளிம்புக்குக் கூடப் போகக் கூடாது. சயனைட் மேட்டில் ஏறிப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். அந்தத் தூசு நுண்ணிய பாறைப்பொடி. மழை அரித்த ஓரங்கள் காலை வைத்ததும் சரியும்.

பூதிகோட்டை, காமசமுத்திரம் பக்கம் காட்டு யானை வருவதுண்டு. பொழுது சாய்ந்தபின் வயல்வழி வேண்டாம் என்று ஊர்க்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தவறு. எலும்பு முறிந்தவர் காலைப் போல அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு 108ல் கொண்டுபோக வேண்டும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. ஆனால் யானையையும் பாம்பையும்விட நான் பயப்படுவது சாலைக்குத்தான். நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு, ராத்திரியே பெங்களூர் திரும்ப வேண்டும் என்று தூக்கக் கலக்க டிரைவரோடு கிளம்புவது வேண்டவே வேண்டாம்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை நிமித்தம் போகிற இடமும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. மாணவிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் களப்பயணத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. வெளியூரில் நடந்தது, கல்லூரிக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் கைகழுவ முடியாது. அதனால் மகளை வீட்டிலேயே நிறுத்தாமல், புகார்க் குழுவின் போன் எண்ணை அந்தத் தாளிலேயே எழுதிக் கையில் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கும். போன தடவை மகள் சொன்ன நேரம் தாண்டியது. தாளில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். தங்கியிருந்த வீட்டு அம்மா எடுத்து, “வண்டி பஞ்சர்ங்க, ரோட்டோர டீக்கடைல இருக்காங்க, என் பையன் பைக்குல கிளம்பிட்டான்” என்றார். அவர் வீட்டிலும் ஒரு தாள் இருந்திருக்கிறது.