சட்டம் பிறக்கும் வழி – 7
பழைய கணக்கைத் தீர்த்த பிரிவு

ஒரு மசோதா பேரவையில் ஏறும் படிகளைச் சென்ற வாரம் பார்த்தோம்: அறிமுகம், ஆய்வு, பிரிவு வாரியான வாக்கெடுப்பு, நிறைவேற்றம். அந்தப் படிகளில் ஏறிய ஒரு மசோதாவை இந்த வாரம் பின்தொடர்வோம். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த, 1967ஆம் ஆண்டின் இந்துத் திருமணத் திருத்த மசோதா அது.

1920களின் இறுதியிலிருந்தே புரோகிதரும் மந்திரமும் இல்லாத திருமணங்கள் தமிழகத்தில் நடந்துவந்தன. ஊரைக் கூட்டி, தலைவர்கள் முன்னிலையில் நடந்தன. ஆனால் சொத்துத் தகராறு என்று நீதிமன்றப் படியேறினால், கல்யாணமே கேள்விக்குள்ளாகும். அப்படி வந்த ஒரு வழக்கில், அத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1955இல் நாடாளுமன்றம் இயற்றிய இந்துத் திருமணச் சட்டமும் வழக்கத்தில் உள்ள சடங்குகளையே கேட்டது. ஊரார் மனைவியென்று மதித்த பெண்ணுக்குச் சட்டத்தில் அந்த இடம் இல்லை. பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது.

1967 மார்ச்சில் முதலமைச்சரான அண்ணா இதைச் சரிசெய்ய முனைந்தார். ஆனால் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் ஒரு மாநிலம் கைவைக்கலாமா? கைவைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் அதில் சட்டம் இயற்றலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். மாநில மசோதா குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டு அவருடைய ஒப்புதலைப் பெற்றிருந்தால், அந்த மாநில எல்லைக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். இது அரசியலமைப்பின் 254(2)ஆம் கூறு. ஆகவே பேரவை, அன்றிருந்த மேலவை இரண்டையும் தாண்டிய பிறகும் இந்த மசோதா டெல்லி போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

அதில் இருந்தது என்ன? மூலச் சட்டத்தின் ஏழாம் பிரிவை அடுத்து 7-அ என்ற புதிய பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மணமக்கள் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

வருங்காலத் தம்பதிகளுக்கு இதுவே போதுமானது. ஆனால் ஏற்கெனவே நாற்பது ஆண்டுகளாக இப்படி மணந்து வாழ்ந்தவர்களின் கதி? அதற்குத்தான் இரண்டாம் உட்பிரிவு: சட்டம் வருவதற்கு முன் இம்முறையில் நடந்த திருமணங்களும், நடந்த நாளிலிருந்தே செல்லும். இங்கே ஒரு சிக்கல் வரும். இடைப்பட்ட காலத்தில் ஒரு பெண் அந்தத் திருமணத்தை விட்டு வேறொருவரைச் சட்டப்படி மணந்திருந்தால், பழைய திருமணத்துக்கு உயிர் கொடுப்பது அவள் வாழ்வைக் குலைத்துவிடும். ஆகவே அத்தகைய திருமணங்களையும், முன்பே முறிந்துபோன திருமணங்களையும் மூன்றாம் உட்பிரிவு விலக்கி வைத்தது. அவற்றில் முன்பே கருவான குழந்தைகளையோ நான்காம் உட்பிரிவு கைவிடவில்லை. அவர்களும் முறைப்படி பிறந்தவர்களே என்றது.

ஒரு சட்டமன்றத்தின் தரத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். கொள்கையை அறிவிக்க ஒரு வரி போதும். அந்தக் கொள்கை யார் வீட்டில் என்ன செய்யும் என்று ஒவ்வொரு குடும்பமாக நினைத்துப் பார்த்து எழுதுவதற்குத்தான் உட்பிரிவுகள் தேவை. அந்த உழைப்பு செய்தியாவதில்லை. ஆனால் வழக்கு வரும் நாளில் மனிதரைக் காப்பது அதுதான்.

1968 ஜனவரி 17 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஜனவரி 20 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அதன் சொற்கள் வேலை செய்கின்றன. இத்திருமணத்துக்குப் பொது அறிவிப்பு தேவை என்று உயர் நீதிமன்றம் 2014இல் கொண்ட கருத்தை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பிரிவில் இல்லாத நிபந்தனையை அதன் மேல் ஏற்ற முடியாது என்பதே அதன் சாரம். வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி, நாலு நண்பர்கள் முன்னிலையில் மட்டும் மணம் முடிக்கும் இன்றைய இளம் தம்பதிக்கும் 1967இல் கவனமாக எழுதிய அந்தப் பிரிவே காப்பு.

ஒரு மசோதா ஆளுநரிடம் போனால் அவர் முன் உள்ள வழிகள் எவை? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)