மாணவர் கதைகளைப் பதிவு செய்ய எளிய வழி

வீட்டுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் கேம்ஸ், பாட்டு, வீடியோ என்றுதான் பதில் வரும். அதே கம்ப்யூட்டரில் அவர்கள் தங்கள் வீட்டுக் கதையைத் தங்கள் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்திடலாம். இதனை டிஜிட்டல் ஸ்டோரி டெல்லிங் என்கிறார்கள். 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேனா அட்ச்லி, ஜோ லாம்பர்ட் ஆகியோர் இதற்கான பயிற்சி முகாம்களைத் தொடங்கினர். 2001ல் பிபிசி நிறுவனம் 'கேப்சர் வேல்ஸ்' என்ற பெயரில் வேல்ஸ் பகுதியின் சாதாரண மக்களை இவ்வாறு கதை சொல்ல வைத்தது. சொந்தக் குரல், சில போட்டோக்கள், இரண்டு மூன்று நிமிடங்கள். அதன் வடிவம் இவ்வளவுதான்.

என் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி. பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். சென்னையில் சாப்ட்வேர் இஞ்சினியராகப் பணியாற்றும் நான், விடுமுறையில் ஊருக்குச் செல்கையில் அரசுப் பள்ளி ஒன்றின் ஹைடெக் லேபில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். பலர் வீட்டில் தறி உண்டு. "உன் குடும்பத்தைப் பற்றி எழுது" என்றால் நான்கு வரியில் முடித்துவிடுவார்கள். "தார் சுற்றும்போது நூல் அறுந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டால் பேச்சு நிற்காது. ஒரு மாணவன், ஜக்கார்டு பெட்டியில் அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் இழை மேலே எழும்புவதை விளக்கினான். 1804ல் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய இந்த அட்டை முறையைத்தான் பின்னர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத் திட்டத்திலும் எடுத்துக் கொண்டார். அப்பாவின் தறிக்கும் லேபில் உள்ள கம்ப்யூட்டருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று தெரிந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

குரல் பதிவு: போனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டர் போதும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவும். மின்விசிறியை நிறுத்தவும். எழுதி வைத்துப் படிக்க வேண்டாம். வீட்டில் பேசும் தமிழிலேயே பேசட்டும். முதல் ஐந்து நொடிகள் பேசாமல் இருக்கச் சொல்லவும். காரணம் அடுத்து வருகிறது.

சத்தம் நீக்குதல்: ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் பைலைத் திறக்கவும். பேச்சு இல்லாத அந்த ஐந்து நொடிகளைத் தேர்வு செய்து, எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் சென்று கெட் நாய்ஸ் புரொபைல் அழுத்தவும். பின்னர் முழுப் பதிவையும் தேர்வு செய்து, அதே இடத்திற்கு வந்து ஓகே கொடுக்கவும். தொடர்ந்து ஒரே மாதிரி வரும் இரைச்சல் குறைந்துவிடும். விட்டு விட்டு வரும் தறிச் சத்தம் இதில் சரியாகப் போகாது. எனவே பேச்சைத் தனியாகவும் தறி ஓசையைத் தனியாகவும் பதிவு செய்து, ஓசையைக் குறைத்துப் பின்னணியில் சேர்க்கவும். சேமிக்கையில் எம்பி3 ஆக மாற்றவும். மோனோ வேவ் பைலாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 எம்பி ஆகும் பதிவு, 128 கேபிபிஎஸ் எம்பி3யில் 1 எம்பிக்குள் அடங்கிவிடும்.

படம் சேர்த்தல்: பவர்பாயிண்ட் 2010 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் ஸ்லைடுக்கு ஒரு படமாக ஐந்தாறு படங்கள் வைத்து, குரலை இன்செர்ட் செய்து, வீடியோவாக மாற்றிடலாம். ஓபன்ஷாட் என்ற இலவச வீடியோ எடிட்டரும் உண்டு. முகம் காட்ட விரும்பாதவர்கள் கை, தறி, நூல் ஆகியவற்றை மட்டும் படமெடுக்கலாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஒரு மாணவி தன் கதையில், அப்பா வாங்கிய அட்வான்ஸ் கடன் தீராததால் வேறு முதலாளியிடம் நெய்யப் போக முடியவில்லை என்று சொல்லியிருந்தாள். கேட்டவர்கள் எல்லோரும் மிகவும் நல்ல வரி என்றார்கள். அவளோ மறுநாள் வந்து, "அண்ணா, அதை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். சிறிய ஊர். யார் குரல், எந்த முதலாளி என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். உடனே நீக்கினோம். கதைக்கு அழகு சேர்க்கும் வரியா என்பது இங்கே கேள்வியே இல்லை. கதை அவளுடையது, எதை நீக்குவது என்பதும் அவள் முடிவு.

எனவே பகிர்வதற்கு முன் இவற்றைக் கவனிக்கவும்.

1. மாணவரே முழுவதும் கேட்டு, சரி என்று சொல்லட்டும். வகுப்பிற்கு மட்டுமா, பள்ளி விழாவிலா, இணையத்திலா என்று தனித்தனியே கேட்கவும். பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்கவும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்களின் தகவல்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

2. ஆடாசிட்டியில் வெட்டிய பகுதி போனில் உள்ள மூலப் பதிவில் அப்படியே இருக்கும். அதனையும் அழிக்கவும். கம்ப்யூட்டரில் உள்ள நகலை அழிக்கையில் ஷிப்ட் + டெலீட் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னில் தங்காது.

3. போனில் எடுத்த போட்டோவில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் சென்று, கீழே உள்ள லிங்க் மூலம் இந்தத் தகவல்களை நீக்கிடலாம். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால் இவை படத்துடனேயே போய்விடும்.

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளையிடம் போனைக் கொடுத்து, வீட்டில் யாராவது ஒருவரின் வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதை யார் யார் கேட்கலாம்?" என்பதுதான்.