கேபினே வீடு, பேட்டரியே கரண்ட்

எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூரிலிருந்து காசிமேடு பக்கம் போகிறவர்களுக்குப் பழகிய காட்சி இது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். சில நாள் வரிசை சட்டென்று நகரும். சில நாள் விடிந்தாலும் நகராது. அதுவரை ஓட்டுநருக்குக் கேபின்தான் வீடு: சீட்டுக்குப் பின்னால் படுக்கை, காலடியில் ஸ்டவ், தலைக்கு மேல் சின்ன ஃபேன். வெளிநாட்டில் ஆசைக்காகக் கேம்பர் வேனில் குடியிருக்கிறார்கள், இங்கே பிழைப்புக்காக.

காலையில் முன்வண்டி நகர்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“என்னண்ணே, செல்ஃப் எடுக்கலையா?”

“நைட்டு பூரா ஃபேன் ஓடிச்சுப்பா.”

குற்றம் ஃபேன்மீது இல்லை. லாரி பேட்டரி இன்ஜினைக் கிளப்பப் பிறந்தது. மெல்லிய பிளேட்டுகள் சில நொடிக்குப் பெரிய கரண்ட்டைக் கொட்டும். உடனே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தால், பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகும். சென்னை வெயில் அதன் ஆயுளை இன்னும் குறைக்கும்.

இன்னொரு வினை வயரிங்கில். டிரெய்லரில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஃபேனும் போன் சார்ஜரும் 12 வோல்ட் என்றால், ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்துவிடுவது வழக்கம். 20 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால், அந்த ஒன்றில் மட்டும் சுமார் 17 ஆம்பியர்-அவர் குறையும். வண்டி ஓடும்போது இரண்டுக்கும் ஒரே சார்ஜ்தான் ஏறும். ஒன்று அரைவயிறு, மற்றது தேவைக்கு மேல் ஏறிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

பேட்டரியை மாற்றுமுன் சோதிக்க வேண்டும். வண்டியை ஓட்டிச் சில மணி நேரம் நிறுத்திய பின் ஒவ்வொன்றையும் தனித்தனியே மீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12-க்கு வந்தால் முக்கால்வாசி காலி. சார்ஜ் ஏற்றியும் நிற்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான். காசை மிச்சம்பிடிக்க ஒன்றை மட்டும் மாற்றினால், பழசு புதுசையும் கெடுக்கும். ஜோடியாகவே, ஒரே அளவில் மாற்ற வேண்டும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது அது கடைசி. மாறிச் செய்து, ஸ்பேனர் பாசிட்டிவிலும் சேஸிஸிலும் சேர்ந்து பட்டால் தீப்பொறி பறக்கும். உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துப்போகும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்த பின் இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். பழசைக் கடையில் கொடுத்துப் புதுசின் விலையில் கழித்துக்கொள்ளலாம். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மீதே வைத்துள்ளன. தெருவோரத்தில் உடைத்து ஈயம் உருக்குகிறவர்களிடம் கொடுத்தால், அந்த விஷம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும்.

இப்போது தயாராகும் புது நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். ஆனால் வழக்கமான ஏசி, இன்ஜின் ஓடினால்தான் ஓடும். வரிசையில் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஃபேன்தான். கேம்பர் வேன்காரர்கள் வண்டிக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி என்று எப்போதோ பிரித்துவிட்டார்கள். லாரி முதலாளிகளே, அடுத்த முறை ஜோடி மாற்றும்போது ஓட்டுநரின் தூக்கத்துக்கென்று மூன்றாவதாக ஒன்றையும் வாங்குங்கள்.