தைவான் டீ முட்டை... நம்ம ரூம்லயே ரெடி!

மாசக் கடைசி. பர்ஸ் காலி. மிச்சமிருக்கிறது 6 முட்டைதானா? 'மறுபடியும் ஆம்லெட்டா?'னு முகத்தைச் சுளிக்காதீங்க பாஸ்! தைவான்ல ராத்திரி பசிச்சா, 24 மணி நேரக் கடைகள்ல கல்லா பக்கத்துலயே கமகமன்னு காத்திருக்கும் டீ முட்டை. அதை நீங்களே செய்யலாம்.

முட்டைகளை 10 நிமிஷம் வேகவெச்சு, பச்சைத் தண்ணியில போடுங்க. ஸ்பூனால லேசா தட்டி, ஓட்டுல விரிசல் விடுங்க. உரிச்சுடாதீங்க... மேட்டரே அந்த விரிசல்லதான்! 3 கப் தண்ணி, 2 ஸ்பூன் டீத்தூள், 4 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், 2 அன்னாசிப்பூ, ஒரு துண்டு பட்டை, 10 மிளகு, 1 ஸ்பூன் சர்க்கரை... எல்லாம் கொதிச்சதும் முட்டையைப் போட்டு, சின்னத் தீயில அரை மணி நேரம் விடுங்க. சாஸ்லயே உப்பு இருக்கு, தனியா வேணாம்.

ஆறினதும் சாறோட ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி. காலையில உரிச்சா, வெள்ளை மேல பழுப்புக் கோடு... அப்படியே மார்பிள்!

ஒரே ஒரு கண்டிஷன். 2 மணி நேரத்துக்கு மேல வெளியில வெக்காதீங்க. மிச்சம் பிடிச்ச காசு டாக்டருக்குப் போயிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமா? சுடச்சுடக் காலி பண்ணிடுங்க. இருந்தா, 3 நாள் தாங்கும். ரூம்மேட் விட்டுவெச்சாதானே!