மின்சாரம் நின்றாலும் மூச்சு தொடர வேண்டும்

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வார்தா புயலுக்குப் பின், சென்னையிலும் புறநகரிலும் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியைச் சார்ந்திருப்போர், கேளம்பாக்கம் போன்ற கடலோரப் பகுதியில் மழைக்காலத்திற்கு முன்பே மாற்று மின்சாரத்திற்கு வழிசெய்துகொள்ள வேண்டுகிறோம்.

ஐந்து லிட்டர் செறிவூட்டிக்கு ஏறத்தாழ 350 வாட் தேவை. இயங்கத் தொடங்கும் கணத்தில் இன்னும் மிகுதி. எனவே கருவியில் குறித்துள்ள வாட் அளவின் இரு மடங்குக்குக் குறையாத ஜெனரேட்டரையே பரிந்துரைக்கிறோம். பெட்ரோல், எரிவாயு இரண்டிலும் இயங்குவது நன்று. பெட்ரோல் பங்க் மூடியிருந்தாலும் சிலிண்டர் கைகொடுக்கும். எரிவாயு, பெட்ரோலைப்போல் நாள்பட்டுக் கெடுவதுமில்லை. ஆயினும் வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தலாகாது. வணிகச் சிலிண்டரே முறை.

எரிபொருள் எதுவாயினும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைப் பால்கனியிலோ படிக்கட்டின் அடியிலோ வைக்காதீர்கள். கதவு, சன்னல்களிலிருந்து 20 அடியேனும் தள்ளித் திறந்தவெளியில், மேல்மறைப்புடன் வையுங்கள். அத்தகைய இடமில்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு பேட்டரி இன்வெர்ட்டரே தக்கது.

எதை வாங்கினாலும், நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கட்டிலருகே இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது கருவியின் வாட் அளவைக் குறித்து வாருங்கள், சேர்ந்து கணக்கிடுவோம்.