வழுக்கி விழுந்த ஜனாதிபதி. வாராவாரம் விழுந்த நடிகர்!

மழையில் படிக்கட்டு ஈரம். ஒரு கையில் குடை. விமானத்தில் இருந்து மனைவியுடன் இறங்கி வந்த அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு, கடைசிப் படிகளில் கால் வழுக்கித் தொப்பென்று விழுந்தார். மறுநிமிடம் எழுந்துவிட்டார்.

1975 ஜூன் 1-ந் தேதி, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் விமான நிலையத்தில் நடந்த சங்கதி இது. மழையில் வழுக்குறது யாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் அங்கே கேமராக்கள் இருந்தன!

அதே வருஷம் அக்டோபர் 11-ந் தேதி, 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற சிரிப்பு நிகழ்ச்சி அமெரிக்க டெலிவிஷனில் தொடங்கியது. அதில் செவி சேஸ் என்ற நடிகர் ஃபோர்டாக வந்தார். ஒப்பனை கிடையாது. விக் கிடையாது. குரலைக்கூட மாற்றவில்லை. வந்தார், தடுக்கினார், மேஜை நாற்காலியோடு உருண்டார். அவ்வளவுதான்! ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

உண்மையில் ஃபோர்டு நல்ல விளையாட்டு வீரர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவில் ஆடியவர். 60 வயதைத் தாண்டியும் பனிச்சறுக்கு விளையாடியவர். அப்பேர்ப்பட்ட ஆசாமிக்குத்தான் 'தடுக்கி விழுபவர்' என்ற பட்டம்!

ஃபோர்டும் நடித்தார்

கோபப்பட்டால் கேலி கூடும் என்பது ஃபோர்டுக்குத் தெரியும். 1976 மார்ச்சில் வாஷிங்டனில் பத்திரிகையாளர் விருந்து. செவி சேசும் வந்திருந்தார். பேச எழுந்த ஃபோர்டு, மேஜை விரிப்பு மாட்டிக்கொண்ட மாதிரி பாசாங்கு செய்தார். தட்டு, கரண்டி சரிந்தன. கையில் இருந்த காகிதங்கள் பறந்தன. அரங்கமே சிரித்தது.

அடுத்த மாதம் அவருடைய பத்திரிகைச் செயலாளர் ரான் நெசன் அந்த நிகழ்ச்சியையே தொகுத்து வழங்கினார். "நான் செவி சேஸ், நீங்கள் இல்லை" என்பது நடிகரின் பிரபல வசனம். "நான் ஜெரால்ட் ஃபோர்டு, நீங்கள் இல்லை" என்று ஜனாதிபதி பேசிய படத்துண்டும் ஒளிபரப்பானது. ஆனால் அன்றைய காட்சிகள் சில விரசமாகப் போனதால், இது தேவைதானா என்ற முணுமுணுப்பும் கிளம்பியது.

நடிகருக்கு அடி

செப்டம்பரில் நடிகர் நிஜமாகவே மாட்டினார். ஃபோர்டாக மேடையில் விழுந்தபோது பலத்த அடி! அடுத்த இரண்டு வாரம் நிகழ்ச்சிக்கு வரமுடியவில்லை.

நவம்பரில் தேர்தல். ஜிம்மி கார்ட்டருக்கு 297 தேர்வாளர் ஓட்டு; ஃபோர்டுக்கு 240. மக்கள் ஓட்டில் வித்தியாசம் சுமார் 2 சதவீதம்தான்.

பழியை நடிகர் தலையில் மட்டும் போட முடியாது. நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கியது, விலைவாசி, கிழக்கு ஐரோப்பா பற்றி விவாத மேடையில் உளறியது எல்லாம் சேர்ந்துதான் ஃபோர்டைக் கவிழ்த்தன. ஆனாலும் ஒன்று உண்டு. நிக்சன் ராஜினாமாவால், தேர்தலே இல்லாமல் 1974-ல் பதவிக்கு வந்தவர் ஃபோர்டு. நாடு அவரைப் புரிந்துகொள்ளும் முன்பே, விழுகிற உருவம் வீட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கார்ட்டர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன் என்று செவி சேஸ் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார்.

ஃபோர்டு மனதில் வைத்துக்கொள்ளவில்லை. 1986-ல் தன் பெயரிலுள்ள மியூசியத்தில், ஜனாதிபதிகளும் நகைச்சுவையும் பற்றிக் கருத்தரங்கு நடத்தினார். வந்திருந்த நடிகர்களில் செவி சேசும் ஒருவர்.